ஜோர்டனிடம் அனுமதி கேட்கப் போனவர்

2020 ஏப்ரல். சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை பிற்பகலானால் என் மகன் மட்டும் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு வரவேற்பறைக்கு வந்துவிடுவான். நெட்ஃபிளிக்ஸில் ‘தி லாஸ்ட் டான்ஸ்’ தொடரின் புதிய இரண்டு பகுதிகள் வரும் நேரம் அது. வாசலில் அவனுடைய ஜோர்டன் காலணி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்தக் காலணிக்குப் பெயர் கொடுத்த கூடைப்பந்து ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டன் கடைசியாகச் சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆடியபோது இவன் பிறக்கவே இல்லை. அந்தக் கடைசிப் பருவத்தைப் பற்றியதுதான் தொடர்.

ஒரு நாள் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது கேட்டான்: “அப்பா, இந்த எக்சிகியூட்டிவ் புரொடியூசர்னா என்ன செய்வாங்க? எத்தனை பேரு இருக்காங்க பாருங்க.”

இருபது ஆண்டுக்கு மேல் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வேலை பார்த்தவன் நான். சட்டென்று பதில் வரவில்லை. குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. ‘தயாரிப்பாளர்’ என்றால் கோடம்பாக்கத்தில் பணம் போடுகிறவர். இங்கே தொலைக்காட்சி நிலையம் கால்டிகாட் ஹில்லில் இருந்த காலத்திலிருந்தே ‘புரொடியூசர்’ என்றால் மாதச் சம்பளத்துக்கு எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர். கேமராவுக்கு முன்பதிவு செய்வார், விருந்தினரை அழைப்பார், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பொட்டலம் என்று எண்ணுவார், மழை வந்தால் திட்டு வாங்குவார். விளையாட்டு ஆவணப்பட உலகத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது ஒரு பொருள் உண்டு. அதை விளக்க அந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான மைக் டோலினின் வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய வேலையின் பெரும்பகுதி கேட்பது. யாரிடம் போய் எதை எப்போது கேட்பது என்று தெரிந்திருப்பது.

டோலின் பிலடெல்ஃபியா புறநகரில் வளர்ந்தவர், ஸ்டான்ஃபர்டில் படித்தவர். பிலடெல்ஃபியாக்காரர்களுக்கு விளையாட்டு என்றால் பைத்தியம் என்பார்கள். தொலைக்காட்சிக்கு வந்த தொடக்க நாள்களில் அமெரிக்க பேஸ்பால் லீக்கின் படத் தயாரிப்புப் பிரிவில் வேலை. அங்கே ஒருவர் முதலில் கற்றுக்கொள்வது, ஆட்டத்தைப் படம் பிடிப்பவர் வேறு, அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் வேறு என்பதைத்தான். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அது அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது.

1983-இல் அமெரிக்கக் காற்பந்தில் (நம் காற்பந்து இல்லை, தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்வார்களே, அது) ஒரு புதிய லீக் தொடங்கியது. பெயர் யுஎஸ்எஃப்எல். பெரிய லீக்கான என்எஃப்எல் இலையுதிர் காலத்தில் ஆடும்; இவர்கள் வசந்த காலத்தில் ஆடுவார்கள். டோலின் நடத்திய சின்ன நிறுவனம் இந்தப் புது லீக்கின் ஆட்டங்களைப் படமெடுக்கும் வேலையைப் பிடித்தது. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் பருவம் முடிந்ததும் நியூ ஜெர்சி அணியை ஒரு கட்டட வியாபாரி வாங்கினார். அவர் டோனல்ட் டிரம்ப். வசந்த காலமெல்லாம் வேண்டாம், பெரிய லீக்கோடு நேருக்கு நேர் மோதுவோம் என்றார். அதற்கு முன் நீதிமன்றத்தில் மோதினார்கள். 1986-இல் தீர்ப்பு வந்தது. என்எஃப்எல் ஏகபோகம் செய்தது உண்மைதான் என்று நடுவர் குழு ஒப்புக்கொண்டது. இழப்பீடு? ஒரு டாலர். அந்த நாட்டுச் சட்டப்படி அதை மும்மடங்காக்கி மூன்று டாலர். லீக் செத்தது.

லீக்கோடு டோலினின் வேலையும் போனது. ஆனால் சுருள்கள் இருந்தன. கால் நூற்றாண்டு கழித்து, அமெரிக்க விளையாட்டு அலைவரிசையான இஎஸ்பிஎன் தன் 30-ஆவது ஆண்டைக் கொண்டாட, முப்பது இயக்குநர்களிடம் முப்பது படம் கேட்டது. டோலின் அந்தப் பழைய லீக்கின் கதையைக் கையில் எடுத்தார். டிரம்பிடமே போய்ப் பேட்டி கேட்டார். லீக்கைக் கொன்றது நீங்கள்தானா என்ற தொனியில் கேள்விகள் போக, அதெல்லாம் சில்லறை விஷயம் என்ற பொருளில் டிரம்ப் ஒன்று சொன்னார். அந்தச் சொல்லையே படத்துக்குத் தலைப்பாக்கிவிட்டார் டோலின். படம் 2009-இல் வந்தது. அன்று டிரம்பை ஒரு தொழிலதிபராகத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அவர் அமெரிக்க அதிபராகத் தேர்வானபோது அந்தப் பேட்டியின் மதிப்பே வேறு. பழைய காட்சிகள் ஊறுகாய் மாதிரி, சிலது இருக்க இருக்கத்தான் சாறு இறங்கும். எது இறங்கும், எது பூசணம் பிடிக்கும் என்று மூடும்போது தெரியாது.

நடுவில் அவருக்கு வேறு ஒரு வாழ்க்கையும் இருந்தது. பிரையன் ராபின்ஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் தொடங்கிய கூட்டு, பிள்ளைகள் நிகழ்ச்சி, கல்லூரிக் கதை, ‘ஸ்மால்வில்’ என்ற சூப்பர்மேன் தொடர் என்று ஒரு தொழிற்சாலையாகவே மாறியது. அதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, தாண்டிப் போகிறேன். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: ஆவணப்படம் மட்டும் எடுத்துக் குடும்பம் நடத்துவது அமெரிக்காவிலும் கடினம். ராபின்ஸ் பிற்பாடு பாரமவுண்ட் பிக்சர்ஸ் தலைவர் வரை உயர்ந்து முழு நிர்வாகியாகவே ஆகிவிட்டார். டோலின் விளையாட்டுக்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

அவர் 1995-இல் எடுத்த ஹேங்க் ஏரன் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏரன் கறுப்பின பேஸ்பால் வீரர். 1974-இல் பேப் ரூத்தின் 714 ‘ஹோம் ரன்’ (கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி) சாதனையை முறியடித்தவர். ஒரு வெள்ளைக்காரரின் சாதனையைத் தொடுகிறாயா என்று மூட்டை மூட்டையாக மிரட்டல் கடிதங்கள் வந்தன. அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. தொழில்காரனாக என் கண்ணில் படுவது வேறு விஷயம். படம் ஒளிபரப்பான டிபிஎஸ் அலைவரிசை டெட் டர்னருடையது. ஏரனின் பழைய அணியான அட்லாண்டா பிரேவ்ஸும் அப்போது டர்னருடையது. ஏரன் அந்த அணி நிர்வாகத்திலேயே மூத்த பொறுப்பில் இருந்தார். ஆக, படத்துக்குத் தேவையான மூன்று கதவுகளும், அதாவது காட்சி வைத்திருப்பவர், கதைக்குரியவர், ஒளிபரப்புகிறவர், ஏறக்குறைய ஒரே வீட்டில் இருந்தன. இப்படி அமைவது லாட்டரி.

பெரும்பாலும் அப்படி அமையாது. மூன்று கதவும் மூன்று தெருவில் இருக்கும். அந்த அலைச்சலின் உச்சம்தான் ஜோர்டன் தொடர்.

1997 இலையுதிர் காலம். புல்ஸ் அணி ஐந்து முறை பட்டம் வென்றிருந்தது. பயிற்றுநருக்கு இதுவே கடைசி ஆண்டு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜோர்டனும் அவரோடு போய்விடுவார் என்பது தெரிந்த விஷயம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் படத் தயாரிப்புப் பிரிவில் இருந்த ஆண்டி தாம்சன், ஒரு குழுவை ஆண்டு முழுக்க அணியோடு அனுப்பிப் படமெடுக்கலாம் என்றார். அந்தப் பிரிவுக்கு அப்போது தலைவர் ஆடம் சில்வர், இன்று லீக்குக்கே தலைவர். ஜோர்டன் தயங்கினார். சில்வர் ஒரு வாக்குக் கொடுத்தார்: உங்கள் அனுமதியில்லாமல் ஓர் அடி படம்கூட வெளியே போகாது, ஒன்றுக்கும் ஆகாவிட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அருமையான வீட்டுப் படமாவது மிஞ்சும். ஜோர்டன் சரி என்றார். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் சுமார் 500 மணி நேரம் எடுத்தார்கள். 1998 ஜூனில் ஆறாவது பட்டம். பெட்டிகள் நியூ ஜெர்சியில் ஒரு கிடங்குக்குள் போய் உட்கார்ந்தன.

பதினெட்டு ஆண்டு! நடுவில் பலர் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

டோலின் அதற்குள் பீட்டர் கூபருடன் சேர்ந்து மாண்டலே ஸ்போர்ட்ஸ் மீடியாவை நடத்திக்கொண்டிருந்தார். கூபர் ஹாலிவுட் பெரும்புள்ளி மட்டும் அல்லர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் பங்குதாரர். அணி முதலாளி ஒருவர் கூட்டாளியாக இருந்தால் சில கதவுகள் தட்டாமலே திறக்கும் என்பது என் ஊகம். 2016-இல் ஜோர்டனின் ஆள்களிடம் பேச்சு நடந்து, ஜூன் மாதம் சார்லட் நகரில் ஜோர்டனுடைய அலுவலகத்தில் நேரம் கிடைத்தது.

அந்தச் சந்திப்பை டோலினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்று காலை தொலைக்காட்சியில் கிளீவ்லண்ட் அணியின் வெற்றி ஊர்வலம். லெப்ரான் ஜேம்ஸ் கோப்பையோடு போய்க்கொண்டிருக்கிறார். ஜோர்டனைவிட இவரே பெரியவர் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. (கிளீவ்லண்ட் தோற்கடித்தது கூபரின் அணியைத்தான். வேடிக்கை.) டோலின் கையில் சில பக்கங்கள் கொண்ட ஒரு சின்னப் படப்புத்தகம். முதல் பக்கத்தில் ஜோர்டனுக்கு ஒரு கடிதம். உங்கள் காலணியைப் போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்குத் தினமும் பிள்ளைகள் வருகிறார்கள், நீங்கள் ஆடி அவர்கள் பார்த்ததே இல்லை என்பது அதன் சாரம். ஜோர்டன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் டோலின் முன்பு செய்த படங்களின் பட்டியல். அதில் ஆலன் ஐவர்சன் என்ற ஆட்டக்காரரைப் பற்றிய படத்தின் மேல் ஜோர்டனின் கண் நின்றது. நீங்களா செய்தீர்கள், மூன்று தடவை பார்த்தேன், அழுதுவிட்டேன் என்றார். மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஜோர்டனை அசைத்தது லெப்ரானா, அந்தக் கடிதமா, ஐவர்சன் படமா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஐவர்சன் படம் செய்தபோது அது ஒரு நாள் ஜோர்டனின் கதவைத் திறக்கும் என்று டோலின் நினைத்திருக்க முடியாது. நம் ஊரில் ஒருவர் வீட்டில் பெண் கேட்கப் போனால், “போன வருசம் அவங்க அண்ணன் கல்யாணத்துல பந்தி நல்லா கவனிச்சீங்களே” என்று அதற்காகவே ஒப்புக்கொள்வார்கள் அல்லவா, அந்த மாதிரி.

அப்புறம் நடந்தது வழக்கமான வேலை, அளவு மட்டும் பெரிது. இயக்குநராக ஜேசன் ஹெஹிரைப் பிடித்தார்கள். அமெரிக்காவுக்கு இஎஸ்பிஎன், மற்ற நாடுகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் என்று செலவையும் உரிமையையும் பிரித்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பேட்டி எடுத்தார்கள். பத்துப் பகுதிகளும் 2020 ஜூனில் வருவதாக இருந்தது. மார்ச்சில் உலகத்தில் விளையாட்டே நின்றது. இஎஸ்பிஎன்னிடம் ஒளிபரப்ப ஆட்டம் இல்லை. ஏப்ரல் 19-க்கு முன்னுக்கு இழுத்தார்கள். முதல் பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பகுதிகளின் வேலை அவரவர் வீட்டிலிருந்து நடந்துகொண்டிருந்தது. தொகுப்பறையில் வேலை பார்த்த யாருக்கும் இதைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். அமெரிக்காவுக்கு வெளியே முதல் நான்கு வாரங்களில் 2.38 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. ஈசூனில் எங்கள் வீடு அதில் ஒன்று. ஆவணத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது.

சரி, அனுமதி வாங்கியதற்கு விலை என்ன?

ஜோர்டனின் சொந்த நிறுவனமும் தொடரில் பங்காளி. ஆவணப்பட உலகின் மூத்தவர் கென் பர்ன்ஸ் இதைக் கண்டித்தார்: யாரைப் பற்றிப் படமோ அவருடைய கை தயாரிப்பில் இருந்தால் அது நல்ல பத்திரிகைப் பணி ஆகாது என்றார். கூட ஆடிய ஸ்காட்டி பிப்பெனுக்கும் கோபம். ஜோர்டனைத் தூக்கிப் பிடித்துவிட்டு மற்றவர்களைச் சிறிதாக்கிவிட்டார்கள் என்றார். ஜோர்டனின் சூதாட்டம் தொடரில் இருக்கிறது, சக ஆட்டக்காரர்களைப் படுத்திய பாடும் இருக்கிறது. ஆனால் அவருடைய முதல் மனைவி பேட்டியில் இல்லை. பிள்ளைகள் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பர்ன்ஸ் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். அதே சமயம், பர்ன்ஸ் சொல்கிறபடி போயிருந்தால் அந்த 500 மணி நேரமும் இன்றும் கிடங்கில்தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடப்பதுதான் டோலின் மாதிரி ஆள்களின் பிழைப்பு. கயிறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்கிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் என் மகனிடம் ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தேன். அவன் உடனே, “அப்ப நீங்க ஏன் குணாளன் பத்தி இப்படி ஒண்ணு செய்யல?” என்று கேட்டான்.

சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டு நின்று, 2001-இல் யு.கே. ஷியாம் நூற்றில் ஒரு விநாடி வித்தியாசத்தில் அதைத் தாண்டினார். இரண்டுமே தமிழ் வாசகருக்குச் சட்டென்று ஒட்டும் பெயர்கள். படத்துக்கு இதைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும்? ஆனால் முதல் கேள்வியே வேறு: மெக்சிகோவில் அவர் ஓடிய காட்சி யாருடையது? ஒலிம்பிக் காட்சிகளுக்குச் சொந்தக்காரர் அனைத்துலக ஒலிம்பிக் குழு. சுவிட்சர்லாந்துக்கு எழுத வேண்டும். எத்தனை விநாடி, எந்தெந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு, தொலைக்காட்சிக்கு மட்டுமா இணையத்துக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மலேசியக் கிண்ணக் காற்பந்துக் காட்சி வேண்டுமென்றால் அது இன்னொரு வாசல். 1993-இல் புருணைக்கு எதிராகச் சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலைப் பற்றி இன்றும் தேக்கா கோப்பிக்கடையில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். கையை ஆட்டுவது இலவசம். காட்சி இலவசம் இல்லை.

இங்குள்ள தமிழ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் குறிப்பிட்ட தொகைக்கு ஒப்பந்தம் போட்டுச் செய்பவை. நான் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் எடுத்த காட்சி முழுக்க நிகழ்ச்சி கேட்டவருக்கே போய்விடும். அது அநியாயம் என்று சொல்லவில்லை, பணம் அவர்கள் பணம். ஆனால் யுஎஸ்எஃப்எல் செத்த பிறகு டோலின் கையில் சுருள் இருந்த மாதிரி என் கையில் ஒன்றும் தங்கவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்னத் தயாரிப்பு நிறுவனத்தில் உதவியாளனாக இருந்தேன். பெயர் வேண்டாம். ஃபேரர் பார்க் திடலில் அந்தக் காலத்தில் ஆடிய பழைய காற்பந்து ஆட்டக்காரர் ஒருவரைத் தமிழிலேயே பேட்டி எடுத்தோம். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் வெயிலில் நடந்தபடியே பேசினார். பூட்ஸ் வாங்கக் காசில்லாமல் இரண்டு பேர் ஒரு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு ஆடியது, மழைக்குப் பின் திடலில் தேங்கும் தண்ணீர் எந்தெந்த இடம் என்று கண்ணை மூடிச் சொன்னது, எல்லாம் ஐந்து பீட்டாகேம் டேப்பில் இருந்தது. அப்போது டேப் விலை அதிகம். வேலை முடிந்ததும் பழைய டேப் மேலேயே புதிதைப் பதிவு செய்வதுதான் வழக்கம். நிகழ்ச்சியில் அவர் வந்தது இரண்டு நிமிடம். ஐந்தில் நான்கின் மேல் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஏறிவிட்டது. எடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஐந்தாவது தப்பியதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம்: லேபிள் மாற்றாமல் ‘பொங்கல் கலைநிகழ்ச்சி’ என்றே விட்டிருந்தேன், யாரும் எடுக்கவில்லை. நிறுவனத்தை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த பெட்டியிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முடக்கம் தளர்ந்த பிறகு அந்த டேப்பை மாற்றித் தரும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் அட்டையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், “பூஞ்சை கொஞ்சம் இருக்கு, உத்தரவாதம் இல்ல” என்றார். இருபத்தெட்டு நிமிடம் தேறியது. படம் இரண்டு இடத்தில் கிழிகிறது, குரல் முழுதாக இருக்கிறது.

இப்போது டேப் என்னிடம். ஆட்டக்காரர் காலமாகிவிட்டார். உரிமை வைத்திருந்த நிறுவனம் இல்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியாமல், தெரிந்தவர் மூலம் அவருடைய மகளைக் கண்டுபிடித்தேன். உட்லண்ட்ஸில் இருக்கிறார். கைத்தொலைபேசியில் முதல் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டினேன். தண்ணீர் தேங்கும் இடத்தை அப்பா கையால் காட்டும்போது நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார்.

“படம் எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்குங்க அண்ணே,” என்றார். “எங்களுக்கு ஒரு காப்பி குடுத்திருங்க. பிள்ளைங்க தாத்தா குரலைக் கேட்டதே இல்ல.”